கணப்பு மேடைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விளிம்புப் பட்டை: இரண்டு குளிர்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

விறகுக் கணப்பை வைப்பதற்கான மேடையைக் கட்டுகிறவர்கள் அதன் விளிம்பைப் பற்றிப் பெரும்பாலும் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். அடுப்பின் எடை, புகைக்குழாய் செல்லும் வழி, சுவரிலிருந்து விட வேண்டிய தூரம், டைல்ஸின் நிறம் ஆகிய எல்லாம் முடிவான பிறகு பார்த்தால், மேடையின் மூன்று பக்கங்களிலும் சிமென்ட் பலகையின் அறுத்த முனையும், பசைக் கலவையின் பிசிறுகளும், டைல்ஸின் மெருகில்லாத பக்கவாட்டும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். என் வீட்டு மேடையும் ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த நிலையில்தான் இருந்தது. அதன் பிறகு மரச்சட்டம், அலுமினியப் பட்டை என்று இரண்டு முயற்சிகளைச் செய்து பார்த்து, மேடையையே பிரித்துத் திரும்பக் கட்டியபோது மூன்றாவதாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையைப் பதித்தேன். அது இப்போது இரண்டு குளிர்காலங்களைக் கடந்துவிட்டது. மேடை விளிம்பை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அந்தப் பட்டையின் நிறைகுறைகளை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இது எல் வடிவில் வளைக்கப்பட்ட மெல்லிய உலோகப் பட்டை. ஒரு கால் அகலமாகவும் துளைகள் நிறைந்தும் இருக்கும். அது டைல்ஸுக்கு அடியில் பசைக் கலவைக்குள் புதைந்துவிடும். மற்றொரு கால் நிமிர்ந்து நின்று டைல்ஸின் பக்கவாட்டை மறைக்கும். இந்த அமைப்பை 1975ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த டைல்ஸ் பதிக்கும் கைவினைஞர் வெர்னர் ஷ்லூட்டர். இன்று பல நிறுவனங்கள் இதே வடிவத்தில் பட்டைகளைத் தயாரிக்கின்றன. நான் வாங்கியது அவற்றுள் வேறொன்றின் தயாரிப்பு. 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 10 மி.மீ. உயரம், 2.5 மீட்டர் நீளம். என் மேடை 1.2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்டது; பின்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் மூன்று பக்கங்களுக்கு மட்டும் 3.2 மீட்டர் தேவைப்பட்டது. ஒரு பட்டையில் முன்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டி எடுத்தேன். இரண்டாவது பட்டையில் 1 மீட்டர் போக மீதி கையிருப்பில் இருக்கிறது.

டைல்ஸுக்கான விளிம்புப் பட்டை என்றால் அழகுக்காகவும் டைல்ஸ் உடையாமல் இருப்பதற்காகவும் வைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். குளியலறைக்கு அது சரி. கணப்பு மேடையின் விளிம்புக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கிறது. எதுவரை நெருப்பின் இடம், எங்கிருந்து எரியக்கூடிய தரை தொடங்குகிறது என்பதைக் காட்டும் கோடு அதுதான். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான ‘ஆவணம் ஜே’ இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கம்பளம் முதலிய எரியக்கூடிய விரிப்புகளை அடுப்புக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடாதபடி மேடையின் எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும், தரைமட்டத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டுவது அதற்கு ஒரு வழி என்றும் அதில் இருக்கிறது. இந்த வழிகாட்டுதலைப் படித்த பிறகுதான் விளிம்பை நான் பார்க்கும் பார்வை மாறியது. விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். சூட்டிலும் குளிரிலும் நீண்டு சுருங்க அதற்கு இடம் வேண்டும். சாம்பலும் கங்கும் ஒளிந்துகொள்ள அதில் இடம் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் வைத்தே இந்தப் பட்டையை மதிப்பிடுகிறேன்.

விளிம்பு எங்கே வர வேண்டும் என்பது விளிம்பை எதனால் முடிப்பது என்பதற்கு முந்தைய கேள்வி. கனடாவின் பி365 தரநிலை, எரியாத தளம் அடுப்புக் கதவுக்கு முன்னால் 450 மி.மீ. வரையும் மற்றப் பக்கங்களில் 200 மி.மீ. வரையும் நீள வேண்டும் என்கிறது. மேலே சொன்ன இங்கிலாந்து ஆவணம், மூடிய அடுப்புக்கு முன்னால் 225 மி.மீ., கதவைத் திறந்துவைத்தும் எரிக்கக்கூடிய அடுப்புக்கு 300 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. என்கிறது. அடுப்பைத் தயாரித்தவரின் கையேடு இவற்றைவிட அதிகம் கேட்டால் கையேட்டின் அளவையே பின்பற்ற வேண்டும். இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு: மேடையைச் சுற்றி மரச்சட்டம் வைத்தால் அந்தச் சட்டத்தின் அகலம் இந்த அளவில் சேராது. மரம் எரியும் பொருள் என்பதால் அளவு அதன் உள்விளிம்பிலேயே முடிந்துவிடுகிறது. உலோகப் பட்டையிலோ கல் விளிம்பிலோ கடைசி மில்லிமீட்டர் வரை கணக்கில் வரும். இடம் குறுகிய அறைகளில் இந்த வேறுபாடே மேடை விதிக்குள் அமைவதையும் அமையாமல் போவதையும் தீர்மானித்துவிடும்.

என் முதல் முயற்சியான மரச்சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பட்டையின் அருமையை விளக்க முடியாது. தரையின் நிறத்துக்கு ஒத்த ஓக் மரத்தில், 60 மி.மீ. அகலச் சட்டங்களை மூலைகளில் 45 டிகிரிக்கு அறுத்துச் சேர்த்திருந்தேன். பதித்த நாளில் அது மிக அழகாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். அறையின் தரையும் மேடையும் ஒன்றோடொன்று இயல்பாகக் கலந்தன. ஆனால் அடுப்பு எரியத் தொடங்கிய சில வாரங்களுக்குள் இரண்டு மூலைகளிலும் உட்பக்கமாக இணைப்பு வாய் பிளந்தது. காரணம் எளிது. மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்குகிறது. கணப்பு எரியும் அறையில் காற்று உலர்ந்துவிடுவதால் சட்டத்தின் அகலம் குறைய, 45 டிகிரியாக இருந்த கோணம் அதைவிடக் குறைந்துபோகிறது. வெளிமுனைகள் ஒட்டியபடி நிற்க, உள்முனைகள் பிரிகின்றன. தச்சருடைய கைத்திறனில் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு துல்லியமாக அறுத்தாலும் இது நடக்கும். பிளந்த இடைவெளியில் நுண்ணிய சாம்பல் இறங்கியது. கதவைத் திறக்கும்போது தெறித்த ஒரு கங்கு சட்டத்தின் மீது விழுந்து, நான் கவனிப்பதற்குள் சிறு கருவட்டத்தைப் பதித்துவிட்டது. அன்றைக்கே மரத்தைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அலுமினியப் பட்டை அடுத்து வந்தது. விலங்கின் தோல்போல் மென்மையான மேற்பூச்சுடன் பார்க்க நன்றாக இருந்தது, சாதாரண ஹேக்ஸாவால் வெட்ட முடிந்தது, கையாளவும் எளிது. அதைக் கெடுத்தது நெருப்பு அல்ல, சாம்பல்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது; ஈரம் பட்டவுடன் அது கார நீராக மாறும். மேடையில் சிதறிய சாம்பலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்ததில், அந்தக் கார நீர் பட்டையின் மேல்விளிம்பில் தங்கி, ஒரே பருவத்தில் மங்கிய திட்டுகளை உண்டாக்கிவிட்டது. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது என்பதால் சிமென்ட் கலவையும் அதன் மீது காயும்படி விடக் கூடாது. இதே பட்டை வேறு எந்த அறையிலும் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும் என்பதால், இதை அந்தப் பொருளின் குற்றமாகச் சொல்லவில்லை. சாம்பல் அன்றாடம் விழும் இடத்துக்கு அது பொருந்தவில்லை என்பதே என் அனுபவம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேர்ந்ததற்கு இந்தக் காரமே முதல் காரணம். இரண்டாவது காரணம் வெப்பத்தால் நீளும் அளவு. ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகம் ஒரு டிகிரி சூட்டுக்கு எவ்வளவு நீளும் என்று பார்த்தால், அலுமினியம் 23 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பித்தளை 19 மைக்ரானும், 304 ஸ்டீல் 17 மைக்ரானும், சாதாரண இரும்பு 12 மைக்ரானும் நீளுகின்றன. போர்சலைன் டைல்ஸ் சுமார் 7 மைக்ரான் மட்டுமே. என் மேடையின் 1.2 மீட்டர் முன்பக்கத்தில் வெப்பம் 40 டிகிரி உயர்வதாக வைத்துக்கொண்டால், அலுமினியம் 1.1 மி.மீ., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 0.8 மி.மீ., டைல்ஸ் 0.3 மி.மீ. நீளும். எந்த உலோகமானாலும் டைல்ஸைவிட அதிகமாக நீளத்தான் செய்யும் என்பதால், பட்டைக்கும் டைல்ஸுக்கும் இடையில் 1.5 முதல் 3 மி.மீ. வரை இடைவெளி விட்டாக வேண்டும். டைல்ஸைப் பட்டையோடு இடித்து ஒட்டிவிட்டு அதன் மேல் க்ரவுட்டை, அதாவது டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் சாந்தைப் பூசினால், ஓரத்தில் மயிரிழை விரிசல் கட்டாயம் தோன்றும். அலுமினியப் பட்டையைப் பதித்தபோது நான் செய்த பிழை அதுதான். இம்முறை 2 மி.மீ. இடைவெளி விட்டேன், இதுவரை விரிசல் இல்லை.

இனி இந்தப் பட்டையை வாங்குவதற்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய சிக்கலுக்கு வருகிறேன். பட்டையின் உயரம் டைல்ஸின் தடிமனுக்கானது; மேடையின் தடிமனுக்கானதன்று. என் மேடையில் 12 மி.மீ. சிமென்ட் பலகை, 3 மி.மீ. பசைக் கலவை, 10 மி.மீ. டைல்ஸ் ஆகியவை சேர்ந்து 25 மி.மீ. வருகிறது. 10 மி.மீ. பட்டை மேலேயுள்ள டைல்ஸை மட்டும் மறைக்கும். கீழேயுள்ள 15 மி.மீ. அறுத்த பலகையும் கலவையும் அப்படியே தெரியும். சூட்டை அதிகமாகக் கீழே இறக்கும் அடுப்புகளுக்கு வெப்பத்தடுப்புப் பலகைகள் கூடுதலாக வேண்டியிருக்கும். அப்போது இந்த வெற்றுப் பகுதி இன்னும் உயரும். அடுப்பு தன் அடித்தளத்தை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காது என்று தயாரிப்பாளர் உறுதியளித்தால் 12 மி.மீ. எரியாத தளம் போதும் என்று இங்கிலாந்து ஆவணம் அனுமதிக்கிறது. அத்தகைய அடுப்புகளுக்கே இந்தப் பட்டை இயல்பாகப் பொருந்துகிறது. பட்டையுடன் வந்த தாளில் சுவர், படி, குளியலறை ஆகியவற்றுக்கான படங்கள் இருந்தனவே தவிர, பல அடுக்குகள் கொண்ட மேடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது இந்தப் பொருளில் நான் காணும் உண்மையான குறை.

என் வீட்டில் இந்தச் சிக்கலை மரத்தளமே தீர்த்துவைத்தது. மேடை அடித்தரையின் மீது நேராக நிற்கிறது, 15 மி.மீ. தடிமனுள்ள மரத்தளம் அதைச் சுற்றி வந்து முடிகிறது. 25இல் 15 போக, மரத்தளத்துக்கு மேலே தெரிவது 10 மி.மீ. மட்டும், பட்டையின் முகமும் அதே 10 மி.மீ. ஆகவே மேடை கட்டுவதற்கு முன்பே தரையின் தடிமனையும் மேடை அடுக்குகளின் தடிமனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்ற உயரத்தில் பட்டையை வாங்குவதே சரியான முறை. ஏற்கெனவே முடிந்த தரையின் மேல் மேடையைக் கட்டுகிறவர்கள், 25 மி.மீ.க்கு மேல் முகமுள்ள மடித்த தகட்டையோ, பின்னால் நான் சொல்லப்போகும் இரும்பு ஆங்கிளையோ நாட வேண்டியிருக்கும்.

பதிக்கும் வேலை கடினமானதன்று. ஆனால் பொறுமை வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஹேக்ஸாவால் அறுக்க முடியும், எனினும் நுண்பல் கொண்ட பிளேடும் நீண்ட நேரமும் தேவைப்படும். நான் 1 மி.மீ. தடிமனுள்ள வட்டைப் பொருத்திய கிரைண்டரைப் பயன்படுத்தினேன். அழுத்தி அறுத்தால் வெட்டிய இடம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிவிடும் என்பதால் மெதுவாக, விட்டுவிட்டு அறுக்க வேண்டும். இரும்பை அறுத்த அதே வட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத்துகள் ஸ்டீலில் பதிந்து பின்னர் துருப்புள்ளிகளாகத் தெரியும். அறுத்த முனைகள் கத்திபோல் கூர்மையாக இருக்கும். அரத்தால் ராவி, பிறகு உப்புத்தாளால் தேய்க்காமல் கைவைக்க வேண்டாம். பல்கரண்டியால் கலவையைப் பரப்பி, பட்டையின் துளைக்காலை அதில் அழுத்தி, துளைகளின் வழியே மேலெழும் கலவையை மட்டப்படுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே டைல்ஸைப் பதித்தேன். டைல்ஸின் மேற்பரப்பு பட்டையோடு சமமாக இருக்க வேண்டும். அல்லது பட்டையைவிட அதிகபட்சம் 1 மி.மீ. உயர்ந்திருக்கலாம். பட்டை உயர்ந்து டைல்ஸ் தாழ்ந்துவிட்டால், சாம்பலைக் கூட்டித் தள்ளும்போதெல்லாம் அந்த மேட்டில் தேங்கும்.

நிமிர்ந்த காலுக்குப் பின்புறம் வெற்றிடம் இல்லாமல் கலவையால் நிரப்புவதைப் பலர் அலட்சியப்படுத்துவார்கள். குளியலறையில் அந்த அலட்சியம் செல்லுபடியாகலாம். கணப்புக்கு முன்னால் விறகுக்கட்டைகள் கை நழுவி விழும். பின்புலம் இல்லாத இடத்தில் மெல்லிய தகடு உள்வாங்கிவிடும். விரலால் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி கேட்ட இரண்டு இடங்களில் ஈரம் காய்வதற்குள் பட்டையைக் கழற்றி மீண்டும் கலவையிட்டேன். முன்பக்கத்தின் நடுவில் ஓரிடத்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்பது முதல் குளிர்காலத்தில் விழுந்த ஒரு கட்டை உண்டாக்கிய நெளிவால் தெரிந்தது. அது சிறியதுதான், பக்கவாட்டு ஒளியில் மட்டுமே தெரியும். ஆனாலும் அதை நிமிர்த்த வழியில்லை.

மூலைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பட்டையின் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டைகளை 45 டிகிரிக்கு அறுத்து நேரடியாகச் சேர்ப்பது. மற்றொன்று, அதே நிறுவனம் தரும் ஆயத்த மூலைத்துண்டைச் செருகுவது. மேடையின் மூலை என்பது கால்விரலும் முட்டியும் குழந்தைகளின் கையும் படும் இடம். 45 டிகிரியில் சேர்த்த இரு மெல்லிய தகடுகளின் கூர்முனை, எவ்வளவு ராவினாலும் முழுமையான உருண்டையாக மாறாது. ஆகவே இடப்பக்க மூலையை அறுத்துச் சேர்த்தும், வலப்பக்க மூலையை ஆயத்தத்துண்டு வைத்தும் செய்து பார்த்தேன். வலப்பக்க மூலை மென்மையாக உருண்டு, தொட்டால் உறுத்தாமல் இருக்கிறது; ஆனால் மூலைத்துண்டு வார்ப்பாகச் செய்யப்பட்டிருப்பதால் அதன் பளபளப்பு பட்டையின் இழையோட்டமான மேற்பரப்போடு ஒத்துப்போகவில்லை. காலை வெளிச்சத்தில் இரண்டும் வேறு வேறு உலோகம் போலவே தோன்றுகின்றன. இடப்பக்க மூலை நிறத்தில் ஒன்றாக இருக்கிறது; ஆனால் இரண்டாவது குளிர்காலத்தின் இறுதியில் இணைப்பில் ஒரு மயிரிழை பிரிவு வந்துவிட்டது. முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே அளவு சூடாவதில்லை. கதவின் கண்ணாடி வழியே வரும் கதிர்வெப்பம் முன்பக்கப் பட்டையைத்தான் நேராகத் தாக்குகிறது, அதனால் அது அதிகம் நீண்டு மூலையைத் தள்ளுகிறது. தோற்றமா பாதுகாப்பா என்று கேட்டால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆயத்தத்துண்டையே வைக்கச் சொல்வேன்.

மூலையில் அமைக்கப்படும் கணப்புகளுக்கு இன்னொரு தடை இருக்கிறது. அத்தகைய மேடைகளில் சதுரத்தின் ஒரு முனையை வெட்டி எடுத்து ஐங்கோணமாக்குவார்கள். வெட்டிய முகத்தின் இரு முனைகளிலும் கோணம் 90 அன்று, 135 டிகிரி. எனக்குக் கிடைத்த ஆயத்த மூலைத்துண்டு 90 டிகிரிக்கு மட்டுமே ஆனது. ஆகவே ஒவ்வொரு பட்டையையும் நேர்வெட்டிலிருந்து 22.5 டிகிரி சாய்த்து அறுத்துத்தான் சேர்க்க வேண்டும். மூலைமட்டம் இதற்கு உதவாது. கோணத்தை மாற்றக்கூடிய சாய்மட்டத்தை மேடையிலேயே வைத்து அளவெடுத்து, தேவையற்ற துண்டொன்றில் முதலில் அறுத்துப் பார்ப்பது நல்லது.

பட்டைக்கும் மரத்தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் இந்த வேலையில் எனக்கு அதிகக் கவலை தந்தது. ஒட்டாமல் மிதக்க விடப்படும் மரத்தளம் ஈரப்பதத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். அதற்குச் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். சுவரோரத்தில் அந்த இடைவெளியை மரப்பட்டை மறைத்துவிடும். மேடையோரத்தில் மறைக்க எதுவும் இல்லை. அது திறந்த வாய்க்காலாக நின்று, உருண்டு வரும் கங்கை நேராக மரத்தின் வெட்டுமுகத்துக்கும் அடியிலுள்ள மென்விரிப்புக்கும் கொண்டுசேர்க்கும். அங்கே புகைந்தால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. சிமென்ட் க்ரவுட்டால் அடைத்தால் தளம் விரியும்போது அது நொறுங்கும், அல்லது தளமே மேலெழும். அடுப்புக் கதவுகளுக்குக் காப்பாகப் பயன்படும் கண்ணாடியிழைக் கயிறு இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. 8 மி.மீ. இடைவெளியில் 10 மி.மீ. கயிற்றை அழுத்தி இறக்கி, மேலே 4 மி.மீ. ஆழத்துக்கு சிலிக்கோனை இட்டேன். கயிறு எரியாது, சிலிக்கோன் கீழ்ப்பக்கமாக அடித்தரையில் ஒட்டாதபடியும் அது தடுத்துவிடுகிறது. இருபக்கமும் மட்டும் ஒட்டிய சிலிக்கோன் ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும்; மூன்று பக்கமும் ஒட்டினால் நடுவில் கிழிந்துவிடும்.

சிலிக்கோன் வாங்கும்போது வினிகர் வாடை வீசும் வகையைத் தவிர்க்க வேண்டும். காயும்போது அது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும்; பித்தளை, துத்தநாகப் பூச்சு ஆகியவற்றை அரிப்பதோடு சிமென்ட் பரப்பிலும் சரியாக ஒட்டாது. நடுநிலை வகை என்று குழாயில் குறிப்பிட்டிருப்பதே சரி. செங்கல் நிறத்தில் வரும் உயர்வெப்ப வகை இந்த இடத்துக்குத் தேவையில்லை. மேடையின் விளிம்பு அவ்வளவு சூடாவதில்லை. விளிம்பு எவ்வளவு சூடாகிறது என்று அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்க விரும்புகிறவர்கள், பளபளப்பான ஸ்டீலின் மீது நேராகக் காட்டி அளக்க வேண்டாம். மின்னும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு என்பதால், கருவி உண்மையைவிட மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அது பட்டையின் சூட்டுக்கு வந்த பிறகு அதன் மீது அளந்தால் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை இரண்டு குளிர்காலங்களில் எனக்குக் குறையாகத் தெரிந்தவை மேலே சொன்ன நெளிவும் இடப்பக்க மூலைப் பிரிவும் மட்டுமே. துரு இல்லை, கறை இல்லை. ஈரச்சாம்பல் பட்ட இடங்கள் துடைத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இரும்புக் கம்பிநாரால் மட்டும் தேய்க்கக் கூடாது. இழையோட்டத்தின் திசையிலேயே மென்துணியால் துடைக்க வேண்டும். பட்டையின் மேல் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தை வேலை முடிந்தவுடனே உரித்துவிடுங்கள். சூடேறிய பின் அது துண்டு துண்டாகக் கிழியுமே தவிர முழுதாக வராது. சாம்பலைக் கூட்டுவது இப்போது ஒரே இழுப்பில் முடிகிறது, ஏனெனில் தூரிகை தட்டுவதற்கு மேட்டையும் சாம்பல் இறங்குவதற்குப் பள்ளத்தையும் விளிம்பு வைத்திருக்கவில்லை. மங்கிய விளக்கொளியிலும் அந்த மெல்லிய வெள்ளிக்கோடு தெரிகிறது. விரிப்பை அதற்கு உள்ளே கொண்டுபோக யாருக்கும் கை வருவதில்லை. மரச்சட்டம் இருந்த காலத்தில் விரிப்பு எப்போதும் மேடையின் மேல் ஏறியே கிடக்கும்.

மாற்று வழிகளில் கல் விளிம்பை நண்பர் ஒருவரின் மேடையில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 20 மி.மீ. கிரானைட் பலகையின் முனையை முழு உருண்டையாக மெருகேற்றியிருந்தார்கள். தொடுவதற்கு அதைப்போல் சுகமான விளிம்பு வேறில்லை. ஆனால் மேலும் கீழும் உருண்ட முனை தரையைத் தொடும் இடத்தில் ஆழமான நிழல்வாய்க்காலை உண்டாக்குகிறது. அங்கே சேரும் சாம்பலைத் தூரிகை எட்டாது. மேல்முனையை மட்டும் உருட்டி, கீழ்முனையை நேராக விட்டிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. விறகுக்கட்டை விழும் இடத்தில் கூர்முனையைவிட 3 மி.மீ. அளவுக்குச் சாய்த்துத் தட்டிய முனை சிறப்பாகத் தாங்கும் என்பதையும் அங்கே கண்டேன். டைல்ஸையே 45 டிகிரிக்கு அறுத்து மூலையில் சேர்க்கும் முறை காட்சிக்கு மிக நேர்த்தியானது. அந்தக் கத்திமுனை ஒரு கட்டையின் அடியைக்கூடத் தாங்காது என்பதால் கணப்பு மேடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பித்தளைப் பட்டை அழகானது, அடிக்கடி மெருகேற்ற மனமுள்ளவர்களுக்கு ஏற்றது.

மேடை 25 மி.மீ.க்கு மேல் உயர்ந்திருப்பவர்களும் ஐங்கோண மேடை கட்டுபவர்களும் 3 மி.மீ. தடிமனுள்ள இரும்பு ஆங்கிளைப் பட்டறையில் அளவுக்கு வெட்டி, மூலைகளைப் பற்றவைத்து, ஒரே சட்டமாகச் செய்துகொள்வது நல்லது. மூலையில் பிரிவு வராது. எந்தக் கோணமானாலும் அமையும். விறகுக்கட்டை விழுந்தால் நெளியாது. பற்றவைத்த இடங்களை ராவி, அடுப்புக்கான கறுப்பு வண்ணத்தைப் பூசினால் அடுப்போடு நிறமும் ஒத்துவிடும். சாதாரண இரும்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடக் குறைவாகவே நீளும் என்பதும் அதற்குச் சாதகம். ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தால் கீழ்விளிம்பில் துரு எட்டிப் பார்க்கும். வண்ணத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். சட்டம் மேடையைச் சுற்றி இறுக்கமாக உட்காராமல், சுற்றிலும் 2 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியையும் சிலிக்கோனால் நிரப்புவது அவசியம்.

தரைக்கு மேல் தெரியும் உயரம் டைல்ஸின் தடிமனுக்குள் அடங்கும் மேடைக்கு, மூலைகள் 90 டிகிரியாக இருக்கும்போது, இந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையைத் தயக்கமின்றி வாங்கலாம். என் மேடையை இன்று திரும்பக் கட்டினாலும் இதையே வைப்பேன். இரண்டு மூலைகளிலும் ஆயத்தத்துண்டை வைப்பேன், நிமிர்ந்த காலின் பின்புறத்தை ஒரு சாண் விடாமல் தட்டிப் பார்ப்பேன். அடுப்பு அணைந்திருக்கும் வரும் கோடையில் இடப்பக்க மூலையின் சிலிக்கோனை அகற்றி, ஓரத்து டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்து, கையிருப்பிலுள்ள ஒன்றரை மீட்டர் மீதிப் பட்டையிலிருந்து பக்கவாட்டுத் துண்டைப் புதிதாக வெட்டி, அங்கும் அந்த உருண்ட மூலையைப் பொருத்தப்போகிறேன்.